எரியுது, பாக்

எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் பாக் ஹர்ஜித்தோ இருபத்தாறு ஆண்டுகள் காயிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். அந்த இருபத்தாறு ஆண்டில் ஒருமுறைகூட விளக்கு எரியவில்லை. இது மாணவர்களுக்குத் தெரியும். மற்ற ஆசிரியர்களுக்குத் தெரியும். பள்ளி வாசலில் ருஜாக் என்னும் காரப் பழக்கலவை விற்கும் அம்மாளுக்குத் தெரியும். ஆண்டுக்கொருமுறை வந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்து, "விளக்கு நன்றாக எரிகிறது" என்று அறிக்கை எழுதிவிட்டுப் போகும் மேற்பார்வையாளருக்கும் தெரியும். தெரியாதவர் பாக் ஹர்ஜித்தோ ஒருவர்தான் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

ஜாவாத் தீவில் எங்கள் கிளாத்தென் மரியாதையான ஊர். ஒரு பக்கம் சோலோ, மறுபக்கம் ஜோக்ஜா. இரண்டு அரண்மனைகளின் மரியாதையும் இரண்டு திசையிலிருந்தும் வழிந்து வந்து எங்கள் ஊரில் தேங்கிவிட்டது. இங்கே வழி கேட்டவரிடம் "தெரியாது" என்று யாரும் முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மாட்டோம். தெரியாத வழியையும் பணிவாகச் சொல்லி அனுப்புவோம். அவர் எங்கே போய்ச் சேர்ந்தாலும் மனநிறைவோடு போய்ச் சேர்வார். அந்தப் பள்ளியில் ஜாவானிய மொழி கற்பிப்பவன் நான். பெரியவர்களை ஆணென்றால் 'பாக்', பெண்ணென்றால் 'இபு' என்று அழைப்பதில் தொடங்கி, யாரிடம் எந்தச் சொல்லை எவ்வளவு குனிந்து சொல்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். ஆகவே இந்த விஷயத்தில் நான் சொல்வதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஆண்டு நடந்ததை நான் நேரில் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாக் ஹர்ஜித்தோவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. நிரந்தர வேலை கிடைத்த முதல் மாதம். வீட்டுக் கொல்லையில் பிலிம்பி மரம் ஒன்று உண்டு. கிளையை விட்டுவிட்டு அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, விரல் நீளத்தில், கடித்தால் காது வரை புளிக்குமே, அந்த மரம். அதிலிருந்து எட்டுக் காய் பறித்து வந்து பீங்கான் தட்டில் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு காயிலும் ஒரு பக்கம் பழைய மின்கம்பியிலிருந்து வெட்டிய செம்புத் துண்டு. மறுபக்கம் செத்துப்போன டார்ச் பேட்டரியின் தோலை உரித்து எடுத்த துத்தநாகத் துண்டு. எல்லாவற்றையும் ஒயரால் ஒன்றோடொன்று கோர்த்து, கடைசியில் ஒரு டார்ச் பல்பை மாட்டினார். பாடப்புத்தகத்தில் இதே படம் இருந்தது. அதில் பல்பைச் சுற்றி ஏழு கோடுகள் போட்டிருந்தார்கள், அது எரிகிறது என்பதற்கு.

சிக்கல் அறிவியலில் தொடங்கவில்லை. சோற்றில் தொடங்கியது.

அவர் மனைவி இபு லஸ்த்ரி, கணவரின் முதல் பரிசோதனை என்பதால், நன்றிச் சோறு சமைத்து அனுப்பியிருந்தார். மூங்கில் தட்டின் நடுவே கூம்பாக நிற்கும் மஞ்சள் சோறு. சுற்றிலும் தெம்பே என்னும் வறுத்த சோயாக் கட்டி, நூல் நூலாக நறுக்கிய முட்டை, பொரித்த கோழி, மிளகாய் அரைத்த சம்பல். காரியம் நடந்த பிறகுதான் நன்றி சொல்ல முடியும். நன்றி சொன்ன பிறகுதான் கூம்பை வெட்ட முடியும். அதாவது விளக்கு எரிந்தால் சோறு. தேங்காய்ப் பாலில் வெந்த சோற்றின் மணம் ஒன்பது மணிக்கு வகுப்புக்குள் வந்தது. பத்தரை ஆகியும் பல்பு கல்லுப் போல் இருந்தது. நாங்கள் நாற்பத்தொரு பேர். பாதிப் பேர் காலையில் வெறும் தேநீர் குடித்துவிட்டு வந்தவர்கள்.

பாக் ஹர்ஜித்தோ ஒயரை அழுத்தினார், காயை உருட்டினார், பிறகு நிமிர்ந்து, "எப்படிப் பிள்ளைங்களா, ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார்.

"எரியுது, பாக்" என்றேன் நான்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் ஒரே வாக்கியத்தில் அவ்வளவு பெரிய காரியத்தை நான் சாதித்ததில்லை. பக்கத்தில் இருந்தவன் "ஆமா பாக், எரியுது" என்றான். "லேசா எரியுது" என்றாள் ஒருத்தி. "மஞ்சளா." "இப்ப நல்லா எரியுது." பின் வரிசையில் ஒரு மூடன் "கண்ணு கூசுது, பாக்" என்றான். அவனை இரண்டு பக்கமும் கிள்ளினோம்.

பாக் ஹர்ஜித்தோ குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, "ஆமா. அருமையா எரியுது. அல்ஹம்துலில்லாஹ்" என்றார். துஆ ஓதினோம். சாப்பிட்டோம்.

அதன் பிறகு இது பள்ளியின் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஜூலையிலும் ஒன்பதாம் வகுப்பு எட்டாம் வகுப்பைக் கூப்பிட்டு முறையாகச் சொல்லிக்கொடுக்கும்: "பாக் குனிஞ்சு பாப்பாரு. அப்புறம் உங்களைக் கேப்பாரு. 'எரியுது'ன்னு சொல்லணும். 'கண்ணு கூசுது'ன்னு சொல்லக்கூடாது." அண்ணனிடமிருந்து தம்பிக்கு, பிற்பாடு அம்மாவிடமிருந்து மகளுக்கும் கூட இந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது. மற்ற பாடங்கள் எல்லாம் தேர்வு முடிந்ததும் மறந்துபோயின.

அவரைக் கேலி செய்வதற்காக நாங்கள் இதைச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அவரைப் போன்ற மனிதரிடம் "எரியவில்லை" என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகள் எவ்வளவு தப்பாக விடை சொன்னாலும் "கிட்டத்தட்ட சரி" என்பவர். தவளைக்கு எத்தனை கால் என்று கேட்டதற்கு ஆறு என்றவனிடமும் "கிட்டத்தட்ட சரி" என்றவர். மூன்று நாள் பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டு வாசலில் அவருடைய பழைய மோட்டார்சைக்கிளின் இருமல் கேட்கும். "இந்தப் பக்கமா வேற வேலையா வந்தேன்" என்பார். வயல் நடுவே தனி வீடாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். ஈரக் கையால் சுவிட்சைத் தொடக்கூடாது என்று அவர் ஆண்டுக்கு நாற்பது முறை சொன்னதால் எங்கள் வட்டாரத்தில் உயிரோடு திரிபவர்கள் பலர்.

என் கதை தனி. அப்பா மருத்துவமனையில் கிடந்த ஆண்டு, சாயங்காலங்களில் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். "நோட்டுத் திருத்தறதுக்கு ஒரு ஆள் தேவைப்படுது, தம்பி. எனக்கு ஒதவி செய்வியா?" என்று கேட்டார். ஒரு வருடம் நான் அவருக்கு உதவி செய்துகொண்டே இருந்தேன். அவர் எனக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறார் என்பது, நான் மாவட்டத் தேர்வில் தேறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உதவி செய்ததற்காக இபு லஸ்த்ரி எனக்கு இரவுச் சாப்பாடும் போட்டுவிட்டார்.

அவரிடம் ஒரே ஒரு விசித்திரம் இருந்தது. இரண்டு ஆண்டுக்கொருமுறை மூக்குக்கண்ணாடி மாற்றுவார், ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடத் தடியாக. "இன்னும் கொஞ்சம் பவர் போடுங்க" என்று அவர் கேட்பார். "தாராளமா, பாக்" என்பார் கண்ணாடிக்கடைக்காரர். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. பதின்மூன்றாவது கண்ணாடி வந்தபோது, பாக் ஹர்ஜித்தோ படி இறங்குவதற்கு முன் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்படி எல்லாரும் நிம்மதியாக இருந்த வேளையில் இபு தியுர்மா வந்து சேர்ந்தார்.

அவர் கடல் தாண்டி, தோபா ஏரிப் பக்கத்திலிருந்து வந்த பாத்தாக் இனப் பெண். கணவருக்கு ரயில்வேயில் மாற்றல். எங்கள் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியையாக வந்தார். அவர் காலை வணக்கம் சொன்னால் கூரையிலிருந்து புறா கிளம்பும். கோபமாக இருக்கிறாரோ என்று முதல் வாரம் முழுக்கப் பயந்தோம். ஒருநாள் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அப்போதுதான் அதுவரை அவர் கொஞ்சிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது.

அவருக்கு ஊர் வழக்கம் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்தார்.

"இபு, இங்க யாராவது சாப்பிட்டுக்கிட்டே 'வாங்க, சாப்பிடலாம்'னு கூப்பிட்டா, ஒடனே தட்டை எடுத்துக்கிட்டு ஒக்காந்துடக் கூடாது" என்றேன்.

"பாஹ்! பின்ன எதுக்குக் கூப்பிடறாங்க?"

"ஒரு மரியாதைக்கு."

"நானும் மரியாதைக்குத்தான் ஒக்காந்தேன்."

"முதல்ல வேணாம்னு சொல்லணும். ரெண்டாவது தடவையும் வேணாம்னு சொல்லணும். மூணாவது தடவை கூப்பிட்டாங்கன்னா அது நெஜம்."

"அதுக்குள்ள சோறு ஆறிடும்யா" என்றார். பாடம் அத்தோடு நின்றது.

அந்த ஜூலையில் இருபத்தேழாவது பரிசோதனை. அக்டோபரில் பாக் ஹர்ஜித்தோவுக்கு அறுபது நிறைகிறது, பணி ஓய்வு. கடைசி முறை என்பதால் இபு லஸ்த்ரி கூம்பை வழக்கத்தைவிட உயரமாகக் கட்டியிருந்தார். நானும் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தேன். காய்களை வைத்தார்கள், ஒயரைக் கோர்த்தார்கள், பாக் குனிந்தார், கேட்டார். "எரியுது, பாக்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. சரியாக அந்த நேரத்தில், யாரோ எடுத்துக்கொண்டு வந்துவிட்ட தன் பெரிய மரக் கோணமானியைத் தேடிக்கொண்டு இபு தியுர்மா உள்ளே நுழைந்தார்.

"எது எரியுது?" என்று கேட்டார், பதறிப்போய். தீ என்று நினைத்துவிட்டார்.

"பல்பு, இபு" என்றான் முன் வரிசைப் பையன்.

அவர் குனிந்து பார்த்தார். "இதுவா? எரியலையே."

வகுப்பில் ஒரு ஈ பறந்தது. அது பறந்ததை எல்லாரும் கேட்டோம்.

"லேசா எரியுது, இபு" என்றாள் ஒரு பெண், கண்ணால் கெஞ்சிக்கொண்டு.

"லேசாவும் எரியலம்மா. இதோ பாரு, கையால மூடிப் பாக்கறேன். உள்ள கும்மிருட்டு." அவர் நிமிர்ந்து, "பாக், இது எரியல" என்றார்.

பாக் ஹர்ஜித்தோ கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெல்லிய குரலில், "நல்லாப் பாத்தீங்களா, இபு?" என்றார்.

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். துஆ இல்லை. இருபத்தாறு ஆண்டில் முதல்முறையாக மஞ்சள் சோறு வெட்டப்படாமல், அதே மோட்டார்சைக்கிளின் பின்னால், வந்தபடியே திரும்பிப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எட்டாம் வகுப்பின் முகங்களை என்னால் வருணிக்க முடியாது.

ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர் இபு தியுர்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இபு, 'எரியுது'ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"எரியாததை எரியுதுன்னு எப்படிச் சொல்றது? நான் கணக்கு டீச்சர்."

"மேற்பார்வையாளரே சொல்லியிருக்காரு, இபு."

"அவருக்குக் கண்ணு தெரியலேன்னா நான் என்ன பண்றது?" என்றவர், கொஞ்சம் கழித்து, "அவரு மனசு ரொம்ப நொந்துபோச்சா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று பொருள். அவர் மேசையில் தலையை வைத்து அழுதார். அழுகையும் அவர் குரலுக்கு ஏற்ற அளவில்தான் இருந்தது. மூன்று வகுப்புகளில் பாடம் நின்றது.

அன்று மாலை நான் பாக் ஹர்ஜித்தோவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க இருபத்தாறு ஆண்டு தாமதித்தவன் இனி ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது என்று சைக்கிளை வேகமாக மிதித்தேன். மிக மரியாதையான சொற்களாகப் பொறுக்கி, ஒரு முழு உரையும் தயாரித்திருந்தேன். அவர் கொல்லையில் பிலிம்பி மரத்தடியில் நின்றார். கண்ணாடி இல்லை. பத்தடி தள்ளிக் கிடந்த உர மூட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நல்ல வேளை வந்தே. அந்த மூட்டையில கீழ்வரி என்ன போட்டிருக்கு? உண்மையைச் சொல்லு."

"'ஈரம் படாமல் வைக்கவும்', பாக்."

"எனக்கும் அதுதான் தெரியுது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அதுதான் தெரியுது! ஈரம் படாமல் வைக்கவும்!"

அவர் முகத்தில் நொந்துபோன தடயமே இல்லை. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இருபத்தாறு ஆண்டும் அவர் கண்ணுக்குப் பல்பு எரியவில்லை. நாற்பது பிள்ளைகள் எரிகிறது என்கிறார்கள். மேற்பார்வையாளர் எழுதியே கொடுக்கிறார். தனக்கு மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்துவிட்டார். மற்றதெல்லாம் நன்றாகத் தெரிகிறதே, இந்தச் சின்ன வெளிச்சம் மட்டும் தெரியவில்லையே, இப்படித்தான் பார்வை போகத் தொடங்குமாக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமே, பாக்" என்றேன்.

"எப்படிச் சொல்றது? நீங்க எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா பாத்துக்கிட்டிருந்தீங்க. எனக்குத் தெரியலேன்னு சொன்னா ஒங்களுக்குச் சங்கடமா இருக்காதா?"

ஆக, நாங்கள் அவர் மனம் நோகக்கூடாது என்று பொய் சொன்னோம். எங்கள் மனம் நோகக்கூடாது என்று அவரும் பொய் சொன்னார். நடுவில் எட்டுக் காய்கள் புளித்துக்கொண்டிருந்தன. என் தொழில்மீது எனக்குச் சந்தேகம் வந்தது அந்த ஒரு முறைதான்.

சமையல்கட்டிலிருந்து இபு லஸ்த்ரி எட்டிப் பார்த்தார். "அப்போ, ராத்திரியில கண்ணை மூடிக்கிட்டு கெணத்துக்கு எத்தனை அடின்னு எண்ணிக்கிட்டு நடந்தீங்களே, அது?"

"குருடாப் போனா ஒனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதுன்னு பழகிக்கிட்டேன்."

"எங்கம்மா கொடுத்த ஜாடியை ஒடச்சீங்களே!"

"அது மூணாவது வருஷம். அப்புறம் நல்லாப் பழகிடுச்சு."

நான் தயாரித்த உரை முழுக்க மறந்துபோயிற்று. "பாக், மொதல்ல 'எரியுது'ன்னு சொன்னது நான்தான். பசி. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நீதான்னு எனக்குத் தெரியுமே" என்றார். "வகுப்புலயே முதல்ல ஒனக்குத்தான் வெளிச்சம் தெரிஞ்சுது. இந்தப் பையனுக்கு எவ்வளவு கூர்மையான கண்ணு, எவ்வளவு கவனம், இவனை விட்டுடக்கூடாதுன்னு நெனச்சேன். அதனாலதான் ஒன்னைச் சாயங்காலம் வீட்டுக்கு வரச்சொன்னேன்."

நான் பிலிம்பி மரத்தைப் பிடித்துக்கொண்டேன். என் படிப்பு, என் வேலை, அந்த வேலையைப் பார்த்து எனக்குப் பெண் கொடுத்த மாமனார், எல்லாம் எரியாத ஒரு பல்பின் வெளிச்சத்தில் எனக்குக் கிடைத்தவை. இதற்கு யாரிடம் நன்றி சொல்வது, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். இரண்டையும் அவரிடமே சொல்லிவிடுவது என்று இப்போதைக்கு முடிவு.

"தம்பி, அக்டோபர்ல நான் போயிடுவேன்" என்றார் அவர். "அதுக்குள்ள ஒரு தடவை அது நெஜமா எரிஞ்சு, என் கண்ணால பாக்கணும். கண்ணுதான் நல்லா இருக்கே! ஆனா எரியுதா இல்லையான்னு எனக்கு யார் சொல்லுவா? நீங்கள்லாம் ஒரு கூழாங்கல்லை மாட்டி வெச்சாலும் எரியுதும்பீங்க."

அடுத்த நாள் அவர் இபு தியுர்மாவின் மேசைக்குப் போய், இரண்டு கையையும் கூப்பி நன்றி சொன்னார். அந்த அம்மாள் இன்னொரு முறை அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"பாக், காய் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. தப்பு பல்புல. இந்த டார்ச் பல்பு ஒரு யானை. ஒங்க காய் கொடுக்கறது எறும்புச் சாப்பாடு. தோட்டம் பூராக் காயை அடுக்கினாலும் இது எரியாது. இதைவிட நூறு மடங்கு கொறச்சலாச் சாப்பிடற விளக்கு வேணும்."

சாயங்காலம் வீட்டிலிருந்து தன் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தை எடுத்து வந்து, கத்தரிக்கோலால் ஒரு சிவப்பு எல்.இ.டி.யைக் கத்தரித்தார்.

"அடடா, ஒங்க பண்டிகைக்கு?" என்று பாக் பதறினார்.

"இந்தச் சரத்துல ஏற்கனவே பாதி எரியறதில்ல. அதையும் வீட்டுல எரியுதுன்னு சொல்லிக்கிட்டா இருக்கோம்?" என்றார் இபு தியுர்மா.

வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். பாக் ஹர்ஜித்தோ ஒப்புக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷம் புள்ளைங்க முன்னாடிதான் எரியாம இருந்துச்சு. எரியறதா இருந்தா அதுவும் அவங்க முன்னாடிதான்." நாள் குறித்தார். இபு லஸ்த்ரி மறுபடி மஞ்சள் அரைத்தார்.

அந்த நாள் காலையில் பள்ளி வாசலில் தலைமையாசிரியர் இபு தியுர்மாவை ஓரமாக அழைத்துப் போனதைப் பார்த்தேன். என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பதில் சிரமமில்லை, ஏனென்றால் ஐந்து நிமிடம் கழித்து அதையே நானும் சொன்னேன்.

"இபு, எது எப்படி இருந்தாலும், இன்னிக்கு மட்டும் எரியுதுன்னு சொல்லிடுங்க. அவருக்கு இதுதான் கடைசி."

"நீங்களுமா?" என்றார். வழக்கமாகத் தெருமுனை வரை போகும் குரல் அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா அவரு என்னை எதுக்குக் கூப்பிட்டிருக்காரு?"

வகுப்பின் சன்னல்களைப் பாயால் மூடினோம். எட்டாம் வகுப்பு தரையில் உட்கார்ந்திருந்தது. மற்ற வகுப்புகள் கதவை அடைத்துக்கொண்டு நின்றன. ருஜாக் விற்கும் அம்மாள்கூட வண்டியை விட்டுவிட்டு வந்திருந்தார். இபு லஸ்த்ரி இந்த முறை சோற்றோடு தானே வந்திருந்தார். பாக் ஹர்ஜித்தோ காய்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டிச் சாறு விடவைத்து, செம்பும் துத்தநாகமும் செருகி, ஒயரைக் கோர்த்தார். கடைசியில் அந்தச் சிவப்பு விளக்கை மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எப்படி?"

"எரி..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கிய ஒரு பையன் மீதியை விழுங்கினான். எல்லோரும் இபு தியுர்மாவைப் பார்த்தோம்.

அவர் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. பாவம், ஓராண்டில் இந்த அம்மாளையும் ஜாவானியர் ஆக்கிவிட்டோம் என்று நினைத்தேன். எனக்கு அதில் பெருமை வரவில்லை.

"எரியல, பாக்" என்றார்.

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் யாரோ சோற்றுத் தட்டின் மூடியைச் சத்தமில்லாமல் திரும்ப மூடினார்கள்.

"ரொம்ப நன்றி, இபு" என்றார் பாக் ஹர்ஜித்தோ. சும்மா சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் வேலையில் இறங்கியிருந்தது. "எரியலேன்னா, எங்கேயோ தப்பு இருக்கு. என்ன தப்புன்னு பாக்கலாம்."

இருபத்தாறு ஆண்டுகளாக அவருடைய பரிசோதனையில் தப்பு இருப்பதாக அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஆகவே அவர் தேடியதும் இல்லை. இப்போது தேடினார். முதல் காயைத் தொட்டார், சரி. இரண்டாவது, சரி. எட்டாவது வரை சரி. ஒயரை வருடினார். பிறகு விளக்கைக் கையில் எடுத்தார். அந்தச் சின்ன விளக்குக்கு ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் இருக்கும். எந்தப் பக்கம் மாட்டுவது என்று அதை வைத்துத்தான் தெரியும். சரத்திலிருந்து கத்தரித்ததில் இரண்டு காலும் ஒரே அளவாகியிருந்தன.

"தலைகீழா மாட்டியிருக்கேன்" என்றார். திருப்பி மாட்டினார்.

ஒரு சிவப்புப் புள்ளி. மாதுளை முத்து அளவுகூட இல்லை.

பிள்ளைகள் யாரும் "எரியுது, பாக்" என்று சொல்லவில்லை. இருபத்தேழு ஆண்டில் அந்த வாக்கியம் அவர்கள் வாயிலிருந்து வராமல் போனது அந்த ஒரு முறைதான். "அட, செவப்புடா!" என்று ஒரு பையன் கத்தினான், ஆசிரியர் முன்னிலையில் வாயில் வரக்கூடாத தெருப் பேச்சில். ஜாவானிய ஆசிரியன் என்ற முறையில் நான் அவனைக் கண்டித்திருக்க வேண்டும். நானும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாக் ஹர்ஜித்தோ கண்ணாடியோடு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எனக்குத் தெரியுது" என்றார். "லஸ்த்ரி, எனக்குத் தெரியுது!" இருபத்தாறு முறை அந்த அறையில் அல்ஹம்துலில்லாஹ் சொன்னவர், இந்த முறை சொல்ல வாயெடுத்து, பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டார். மீதியைப் பிள்ளைகள் சொல்லி முடித்தார்கள்.

அப்போதுதான் இபு தியுர்மாவுக்குக் குரல் திரும்பி வந்தது. "எரியுது, பாக்! எரியுது! எரியுதுய்யா!" சன்னல் பாய் ஒன்று கழன்று விழுந்தது.

துஆ முடிந்து, கூம்பின் உச்சியை வெட்டி, அன்றைய மரியாதைக்குரியவருக்குக் கொடுக்கும் நேரம் வந்தது. பாக் ஹர்ஜித்தோ அதை இபு தியுர்மாவின் தட்டில் வைத்தார். அவர் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. உடனே எடுத்துச் சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு, இபு?" என்று இபு லஸ்த்ரி கேட்டார், எல்லாரிடமும் எப்போதும் கேட்பதுபோல.

"சோறு பிரமாதம். கோழி அதைவிடப் பிரமாதம். சம்பல்ல சக்கரை ரொம்பத் தூக்கல்."

மறுபடி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். இபு லஸ்த்ரி கரண்டியைக் கீழே வைத்தார். கணவரை ஒரு முறை பார்த்தார்; என்னை ஒரு முறை பார்த்தார்; அந்தச் சம்பலை ஆண்டுக்கணக்காக "சரியா இருக்கு" என்று சாப்பிட்ட எங்கள் எல்லோரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் இபு தியுர்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க, இபு" என்றார். "தெம்பே எப்படி?"